பஞ்சம்மாள் வீட்டு முறை

மதுரை,
12.10.2025

மச்சானுக்கு,

உமாமகேஸ்வரி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கோபம் எனக்கும் இன்னும் ஆறவில்லை. ஆனால் போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துவோம், ஒற்றை அறை வீட்டில் கட்டிலில் கிடக்கும் பஞ்சம்மாள் அக்காவுக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். பக்கவாதம் வந்து வாய்தான் அவளுக்குக் குழறிப்போனது, காது நன்றாக இருக்கிறது. போன மாதம் நாம் வாசலில் போட்ட சண்டைக்கு அவள் உள்ளே அழுதுகொண்டிருந்தாள். அதனால்தான் தபால். கண்மாய்க் கரையில் உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குச் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் திருப்பி எடுக்கப்போவதில்லை. அக்காவின் இடுப்பில் படுக்கைப் புண் இருந்தது. நான் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ், புண்ணைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. மதுரைக்கு அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "எம் பொண்டாட்டியத் தூக்கிட்டுப் போக நீ யாருடி?" என்று கேட்டீர்கள். கூடப் பிறந்தவள். வேறு யார்?

சரி, அதை விடுங்கள். இப்போது எழுதுவது ஜெயப்பிரியாவுக்காக. நேற்று போனில் அழுதாள். தலைப்பிரசவம் தேவிபட்டினத்தில் தங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று அவள் மாமியார் கனகலட்சுமி சொல்கிறாராமே. உங்கள் ஒரே மகள். என்ன செய்யப்போகிறீர்கள்?

இன்னொன்று. பழைய வேட்டி ஒன்றை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அக்காவுக்கு அடியில் விரித்து வையுங்கள். திருப்பிப் படுக்க வைக்கும்போது அவள் உடம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், வேட்டியைப் பிடித்து இழுங்கள். தோல் உரசாது. உங்கள் இடுப்பும் பிழைக்கும். குனியும்போது முழங்காலை மடக்குங்கள்.

உமா


புல்லூரணி,
திருவாடானை வழி
21.10.2025

கொழுந்தியாளுக்கு வேல்சாமி எழுதுவது.

கிழிக்கவில்லை. கண்மாய்க் கரையில் வைத்துத்தான் படித்தேன். படித்து முடித்ததும் கண்மாய்க்குள் எறிந்துவிடலாம் என்று எழுந்தேன். உள்ளே தண்ணீர் இல்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வேட்டி நன்றாக வேலை செய்கிறது. புண்ணும் ஆறி வருகிறது. எல்லாம் உன்னால்தான் என்று ஆடாதே, நான் மருந்தும் போட்டேன். நேற்று தீபாவளிக்கு உன் அக்காவுக்குத் தலையில் எண்ணெய் வைத்து, வெந்நீரில் குளிப்பாட்டி, நீ அனுப்பிய நீலச் சேலையைக் கட்டிவிட்டேன். கொசுவம் பின்பக்கம் போய்விட்டது. அவள் சிரித்தாள். ஒரு பக்கம்தான் சிரிப்பு வரும், அதுவே போதும் எனக்கு.

கனகலட்சுமி சம்பந்தி இங்கே வந்துபோனார். தப்பாக ஒன்றும் பேசவில்லை. "ஏற்கெனவே வீட்ல ஒரு படுக்கை கெடக்கு. மாசமா இருக்குற பிள்ளையையும் நீங்க ஒருத்தரே எப்பிடிப் பாப்பீக? பிள்ள பெறட்டும், பெறகு வந்து இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "நான் பாத்துக்கிருவேன் சம்பந்தி" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சம்பந்தி அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

எல்லாவற்றையும் உன் அக்கா கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். அன்றிலிருந்து சோற்றுக்கு வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்குகிறது. "ஜெயா... வீடு" என்கிறாள். திரும்பத் திரும்ப அதே இரண்டு சொல். மகள் தாய் வீட்டுக்கு வர முடியாமல் போனது தன்னால்தான் என்று நினைக்கிறாள் போல. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை உமா. இதைப் போய் உன்னிடம் சொல்கிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதாதே. என் பெண்டாட்டியை நான்தான் பார்ப்பேன்.

வேல்சாமி


மதுரை,
29.10.2025

மச்சான்,

நீங்கள் எழுதியதைப் படித்து வார்டிலேயே அழுதுவிட்டேன். பிறகு பால் பொங்கிய இடத்தை மறுபடி படித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கனகலட்சுமி அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் "நான் பார்த்துக்கொள்வேன்" இல்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரே நர்ஸ் பகலும் இரவும் தொடர்ந்து நிற்பதில்லை. நின்றால் மருந்து மாறிப்போகும், நோயாளி செத்துப்போவார். எட்டு மணி நேரம் முடிந்ததும் அடுத்தவள் வந்துவிடுவாள். அதனால் எனக்கு நோயாளி மேல் பாசம் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

நீங்கள் அந்த ஊரின் நீர்ப்பாய்ச்சி. கண்மாய் மடையைத் திறந்து, இன்றைக்கு இந்த வயல், நாளைக்கு அந்த வயல் என்று ஊருக்கே தண்ணீர் முறை வைக்கிறவர். ஒருத்தன் வயலிலேயே தண்ணீரை விட்டால் மற்றதெல்லாம் காயும் என்று மண்வெட்டியோடு சண்டைக்கு நிற்பவர். வீட்டு வேலைக்கு மட்டும் ஏன் ஒரு முறை வைக்கத் தோன்றவில்லை? ஊர்ப் பெண்கள் களை எடுக்க மாற்றி மாற்றி ஒருவர் வயலுக்கு ஒருவர் போவதில்லையா? அதே மாதிரி வந்து அக்காவோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சும்மா இல்லை, நீங்களும் அவர்களுக்கு ஏதாவது திருப்பிச் செய்யுங்கள்.

கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். எனக்குத் தெரியும். அக்கா சாப்பிடுவதற்காகக் கேளுங்கள்.

உமா


புல்லூரணி,
10.11.2025

உமாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் உன் மேல் எரிச்சலாக இருந்தேன். நர்ஸ் வேலைக்குப் போனவள் எனக்கு மடை திறக்கச் சொல்லித்தருகிறாளா என்று. நான்காம் நாள் உன் அக்கா கஞ்சியையும் துப்பினாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முறை வைத்தேன். எனக்குத் தெரிந்தபடி வைத்தேன். தலைமடையில் இருக்கும் மதுமதி வீட்டில் தொடங்கி, கடைமடை வரைக்கும் வயல் வரிசைப்படி வீடு வீடாகப் போய், நாளுக்கு ஒரு வீடு என்று சொன்னேன். கேட்கும்போது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. "இம்புட்டு நாளா எங்களக் கூப்புடாம என்ன செஞ்சீக?" என்று மதுமதி என்னையே ஏசினாள்.

திங்கட்கிழமை வந்தது. வாசலைக் கூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஊரே ஏமாற்றிவிட்டது, இதெல்லாம் உமா பேச்சைக் கேட்டதனால் வந்த வினை என்று உன்னையும் சேர்த்துத் திட்டினேன்.

புதன்கிழமை காலையில் பூமயில் வந்தாள். களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் வருவாளே, அந்தப் பூமயில். அவளுக்குச் சொந்த வயல் கிடையாது, அதனால் அவள் வீட்டுக்கு நான் போகவே இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னண்ணே, ஊருக்கெல்லாம் முறை வச்சீகளாம். எனக்கு ஏன் வைக்கல? வயலு இல்லாட்டி எனக்குக் கையும் இல்லையா?"

"முறை வச்சவுகளே வரலையே தாயி" என்றேன்.

"எப்பிடி வருவாக? நீங்க போயி கூப்புட்டீகளா?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்த ஊரில் நீர்ப்பாய்ச்சி வாசலில் வந்து நின்று "இன்னிக்கு ஒன் முறை" என்று குரல் கொடுக்காமல் யாரும் மடைப் பக்கம் போகக்கூடாது. போனால் ஊர்க் கூட்டத்தில் அபராதம். முறை என்று என் வாயால் சொல்லிவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருக்க, அத்தனை பேரும் என் குரலுக்காக அவரவர் வீட்டில் காத்திருந்திருக்கிறார்கள். மதுமதி குழம்பு வைத்து, தலை சீவி, இரண்டு நாளாகத் தயாராக இருந்தாளாம்.

பூமயில் சிரித்தாள். "எனக்குத்தான் வயலே இல்லையே, என்னைய யாரு கூப்புடப்போறா? அதான் கூப்புடாமலே வந்துட்டேன்" என்றாள். அவள் பேச்சைக் கேட்டு உள்ளே உன் அக்காவும் சிரித்தாள். சிரித்த வாயில் பூமயில் ஒரு கவளம் சோற்றை வைத்துவிட்டாள். இறங்கிவிட்டது உமா. நான் கொல்லைப் பக்கம் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பதிலுக்கு நான் என்ன செய்ய என்று கேட்டேன். அவள் மாமனார் மூக்கையா பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து நெடுநாளாகக் கிடக்கிறாராம். அவரைத் தனியாக விட்டுவிட்டுத்தான் இவள் வேலைக்குப் போகிறாளாம். எனக்குத் தெரியாது. எந்த வாய்க்காலில் எங்கே உடைப்பு என்று தெரியும், எந்த வீட்டில் யார் கிடக்கிறார் என்று தெரியவில்லை. இப்படிக் கிடந்து அல்லாடுகிறவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து வாசல் வாசலாகப் போய்க் குரல் கொடுக்கிறேன், முறை தவறாமல் வருகிறார்கள். வாரத்தில் மூன்று காலை மூக்கையா வீட்டில் என் முறை. சவரம் செய்து, குளிப்பாட்டி, பேப்பர் படித்துக் காட்டுகிறேன். மனுசன் வாய் ஓயாமல் குறை சொல்கிறார். எனக்கு நன்றாகப் பொழுது போகிறது.

வேல்சாமி


மதுரை,
17.11.2025

மச்சான்,

கூப்பிடுவதற்காக ஊர் காத்திருந்த கதையை வார்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஒரு நோயாளி சிரித்துத் தையல் பிரிந்துவிடும் என்று பயந்துபோனேன்.

வளைகாப்பு இருபத்தெட்டாம் தேதி என்று ஜெயா சொன்னாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அழுது பார்த்தேன், கத்தியும் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் எழுத்தில் வருகிறேன்.

அக்காவைத் தேவிபட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முடியாது என்று சொல்லாதீர்கள். வேனில் நடுச் சீட்டு, கால் நீட்ட இடம். அங்கே போய் இறங்கியதும் கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு துண்டால் நாற்காலியோடு கட்டிவிடுங்கள், சாயமாட்டாள். வராத கையைத் தொங்கவிடாதீர்கள், மடியில் தலையணை வைத்து அதன் மேல் வையுங்கள். தண்ணீர் சிறு சிறு மிடறாக, தலையைக் குனிந்தபடி. வழியில் ஒரு தடவை வேனை நிறுத்தி, அவளைக் கொஞ்சம் தூக்கி மாற்றி உட்காரவையுங்கள், புண் இருந்த இடம் அழுந்தாது.

மகளுக்கு முதல் வளையலை அக்காதான் போட வேண்டும். அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் நின்றால், கனகலட்சுமி அம்மா கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் சொன்னதாகிவிடும்.

உமா


புல்லூரணி,
30.11.2025

உமா, என் தங்கமே,

போய்வந்தோம். அத்தனை சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே வீட்டில் பெண்கள் கூட்டம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் அவர்களே கிளறினார்கள். என்னை அடுப்படிக்குள் விடவில்லை. "நீங்க பால் காச்சுன லெச்சணம் எங்களுக்குத் தெரியும்" என்றாள் மதுமதி. உன் கடிதத்தை அவளிடம் யார் காட்டியது? நான்தான். சரி, போகட்டும்.

உன் அக்காவைப் பூமயிலும் மதுமதியும் வேட்டியோடு தூக்கி வேனில் ஏற்றினார்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு பின்னால் ஓடினேன். வேன் கிளம்பியதும் ஜன்னல் வழியாக அவள் பார்த்தாளே ஒரு பார்வை. நோய் வந்தபின் அவள் சாலையையே பார்க்கவில்லை. ஒவ்வொரு கண்மாய்க்கும் "தண்ணி, தண்ணி" என்றாள். ஐப்பசி மழையில் எல்லாம் பெருகிக் கிடக்கின்றன.

தேவிபட்டினத்தில் ஜெயா ஓடி வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை முனீஸ்வரன்தான் நாற்காலியை உள்ளே தூக்கிப்போனார். வளையல் போடும் நேரம் வந்தது. உன் அக்காவுக்கு வலது கை வராதே. இடது கையால் வளையலை எடுத்தாள். கூட்டத்தில் ஒரு கிழவி, "நல்ல காரியத்துக்கு எடக்கையா?" என்றாள். பூமயில் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் ஜெயா தன் இரண்டு கையையும் அம்மாவிடம் நீட்டி, "எங்கம்மா எந்தக் கையால போட்டாலும் எனக்கு நல்லதுதான்" என்றாள். உன் அக்கா போட்டுவிட்டாள். கை நடுங்கி நடுங்கி, ஒரு வளையல் உடைந்து, அடுத்தது ஏறியது. குலவைச் சத்தம் வீட்டை நிறைத்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு கனகலட்சுமி சம்பந்தி நேராகவே கேட்டார்: "பிள்ளைய அங்கன அனுப்புனா யாரு பாக்குறது?"

நான் "நான் பாத்..." என்று தொடங்கினேன். மதுமதி என் காலை மிதித்தாள்.

"திங்கக்கெழம நானு" என்றாள் மதுமதி.

"செவ்வா, பொதன் நானு. பெரிய மனுசரு ஒருத்தரு எங்க வீட்லயும் கெடக்காரு, தூக்கிப் பழகுன கை" என்றாள் பூமயில். இப்படியே ஆளாளுக்கு நாள் சொல்லிச் சனிக்கிழமை வரைக்கும் வந்துவிட்டது. சம்பந்தி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம?"

அந்த நாளை யாரும் எடுக்கவில்லை. அவரவர் வீட்டுக்கும் ஒரு நாள் வேண்டுமல்லவா? "ஞாயித்துக்கெழம நான் பாத்துக்கிறேன் சம்பந்தி" என்றேன்.

"நீங்க பாத்தது போதும் சம்பந்தி. அன்னிக்காவது படுத்துத் தூங்குங்க. ஞாயித்துக்கெழம நான் வாரேன்" என்றார்.

ஜெயா எங்களோடு வேனில் வந்துவிட்டாள். இதோ, அம்மா கட்டிலின் ஓரத்தில் சாய்ந்து பலகாரம் தின்கிறாள்.

வேல்சாமி


மதுரை,
10.01.2026

மச்சான்,

பொங்கல் சீர் அனுப்பியிருக்கிறேன். அக்காவுக்குக் கொசுவம் வைக்கத் தேவையில்லாத நைட்டி இரண்டு, ஜெயாவுக்குச் சேலை, உங்களுக்கு வேட்டி. இந்த வேட்டியை யார் அடியிலும் விரிக்காதீர்கள், கட்டிக்கொள்ளுங்கள்.

கனகலட்சுமி அம்மா போனில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மீனோடு வருகிறாராம், அக்காவும் அவரும் சேர்ந்து உங்களைப் பற்றிப் புறணி பேசுகிறார்களாம். அக்கா இரண்டு சொல்லில் புறணி பேசுவது எப்படி என்று கேட்டேன். "உங்க அக்காவுக்கு ரெண்டு சொல்லே ஏராளம்" என்றார்.

நான் அன்றைக்குப் புண்ணைப் பற்றிச் சொன்னதை இன்னமும் திருப்பி எடுக்கவில்லை. ஆனால் அக்காவை இங்கே கொண்டுவந்திருந்தால் நானும் தனியாகத்தான் திண்டாடியிருப்பேன். என் தெருவில் கூப்பிட எனக்கு யாரையும் தெரியாது. அவள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள். உங்கள் மேல் எனக்கு ரொம்பப் பிரியம் மச்சான். இதைப் போனில் சொல்லியிருக்க மாட்டேன்.

பிப்ரவரி பத்தாம் தேதியிலிருந்து லீவு. பேறுகாலத்துக்கு வந்துவிடுவேன்.

உமா


புல்லூரணி,
06.02.2026

உமாவுக்கு,

பேத்தி பிறந்த செய்தியை ஜெயா உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். உன் லீவுக்காகச் சின்னவள் காத்திருக்கவில்லை, முந்திக்கொண்டாள். நீ வந்து அவளோடு சண்டை போட்டுக்கொள். ஆனால் என் கதையை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை மூக்கையா வீட்டில் என் முறை. போனை வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுப் போயிருந்தேன். அவருக்குப் பாதி முகம் சவரம் முடிந்திருந்தது. அந்த நேரத்தில்தான் ஜெயாவுக்கு வலி எடுத்திருக்கிறது. பூமயில் ஆட்டோவைக் கூப்பிட்டிருக்கிறாள், மதுமதி துணிமணி எடுத்திருக்கிறாள், மாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும் போன் போயிருக்கிறது. திருவாடானை அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்கள். உன் அக்கா "நானும், நானும்" என்று கட்டிலைத் தட்டியதனால் வேன் பிடித்து அவளையும் நாற்காலியோடு கொண்டுபோய்விட்டார்கள். என்னைக் கூப்பிட வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. பிறகு கேட்டதற்கு, "அண்ணே முறையில இருந்தாரு, முறையில இருக்குறவுகளக் கலைக்கக் கூடாதுல்ல?" என்கிறாள் பூமயில். நான் சொல்லிக்கொடுத்த சட்டமாம்.

மூக்கையாவுக்கு மறு பாதிக் கன்னத்தையும் வழித்து, குளிப்பாட்டி, பேப்பர் முழுக்கப் படித்துக் காட்டி, அவர் விடாததால் மதியச் சோறும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. கடைக்காரர்தான், "என்னய்யா இங்கன நிக்கிற? பேத்தி பெறந்து, மாப்பிள்ளை போன்ல சொல்லி ஊருக்கே முட்டாய் கொடுத்தாச்சு" என்றார். எனக்கு மட்டும்தான் தெரியாது.

பஸ்ஸைப் பிடித்துப் பதறிக்கொண்டு ஓடினேன். வார்டுக்குள் நுழைந்து, யாரைத் தூக்க, எதைக் கழுவ, எந்த மருந்தை வாங்க என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். ஜெயா தூங்குகிறாள். சம்பந்தி பிள்ளைக்குத் துணி சுற்றுகிறார். மாப்பிள்ளை மருந்துச் சீட்டோடு போய்விட்டார். மதுமதி உன் அக்காவைச் சற்றுச் சாய்த்து உட்காரவைத்துக்கொண்டிருக்கிறாள். பூமயில் வெந்நீர் வாங்கி வருகிறாள். எனக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை உமா. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடு வார்டில் நின்றேன்.

உன் அக்கா என்னைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அதை இடது கையால் தட்டினாள். "உக்காருங்க" என்றாள். குழறாமல், திருத்தமாக, முழுச் சொல்லாக. நோய் வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் எதையாவது கேட்டுத்தான் பேசியிருக்கிறாள். எனக்கென்று சொன்ன முதல் சொல் இதுதான்.

உட்கார்ந்தேன். சுவரில் சாய்ந்தேன். அவ்வளவுதான் தெரியும். அந்த இரைச்சலில், அத்தனை பேருக்கும் நடுவில், பொழுது சாய்கிற வரைக்கும் தூங்கியிருக்கிறேன். ஒருத்தரும் எழுப்பவில்லை.

பேத்தி யார் சாயல் என்று கேட்பாய். இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. கையில் வாங்கப் போனால் வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள். நாளைக்குத்தான் என் முறையாம். பார்த்துக்கொள்கிறேன், அவசரம் இல்லை.

வேல்சாமி